செங்கோடன் அனுப்பிய பெயர்

மாலை ஐந்து மணிக்குள் செங்கோடன் ஒரு பெயரை அனுப்பியாக வேண்டும். ஒரே ஒரு பெயர். அதை எழுதத் தெரியாமல்தான் அவன் விடிந்ததும் விடியாததுமாக ஈரோட்டில் வந்து இறங்கினான்.

அவன் இறகுப்பந்து ஆடுகிறவன். இரட்டையர் ஆட்டம் மட்டும். பிழைப்பே அதுதான். வயது முப்பத்தொன்று. ஒன்பது வருஷமாக ஒரே ஜோடி, இம்மானுவேல். செங்கோடன் முன்னால் வலையை ஒட்டி நிற்பான். இம்மானுவேல் பின்னால் நின்று அடிப்பான். இந்த இருவரை எதிர்த்து ஆட வேண்டும் என்றால் பெரிய ஆட்களே யோசிப்பார்கள். அது ஒரு காலம். இரண்டு வருஷமாக இம்மானுவேலுக்கு முழங்கால் சரியில்லை. கடைசியாக ஆடிய பதினோரு போட்டிகளில் ஒன்பதில் முதல் சுற்றோடு பெட்டியைக் கட்டினார்கள்.

இந்த நேரம் பார்த்து நிமலன் என்ற சென்னைப் பையன் போன் செய்தான். இருபத்தொரு வயது. அவன் அடித்தால் ஷட்டில் தரையில் குத்தி நிற்கும். "அண்ணா, உங்க கூட ஆடணும்ணா. முன்னாடி நீங்க நில்லுங்க. பின்னாடி நான் பாத்துக்கறேன்" என்றான்.

சங்கத்தின் விதி இது. புது வருஷ ஆட்டங்களுக்கு ஒவ்வொருவனும் தன் ஜோடியின் பெயரைத் தனித்தனியாக அனுப்ப வேண்டும். இவன் அவன் பெயரை எழுதி, அவன் இவன் பெயரை எழுதியிருந்தால் ஜோடி. பொருந்தாவிட்டால் அந்த வருஷம் முழுக்க வெளியே. முப்பத்தொன்றில் ஒரு வருஷம் வெளியே போகிறவன் திரும்ப உள்ளே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஒரு மாதமாக யோசித்தான். தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. காலையில் நிமலன் சரி என்று படும். மத்தியானம் இம்மானுவேல் சரி என்று படும். சாயங்காலம் இரண்டும் தப்பு என்று படும். யாரிடம் கேட்பது? கேட்க ஒரே ஆள்தான் இருந்தார்.

அவர் பெயர் ஜெபக்கனி. தூத்துக்குடிக்காரர். ரயில்வேயில் விளையாட்டுக்காக வேலை கிடைத்து ஈரோட்டுக்கு வந்தவர். டிக்கெட் கவுன்ட்டரில் பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு மாலையில் ஆடி, நாலு தடவை தேசியப் பட்டம் வாங்கினார். இப்போது ஐம்பத்து மூன்று. பழைய மஞ்சள் குடோன் ஒன்றில் இரண்டு கோர்ட் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். மழை பெய்தால் சுவரெல்லாம் இன்னும் மஞ்சள் வாடை அடிக்கும். செங்கோடன் பன்னிரண்டு வயதில் அங்கேதான் மட்டையைப் பிடித்தான். எல்லோருக்கும் அவர் கோச்சக்கா.

உள்ளே போனபோது கோச்சக்கா வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"வாலே. மெலிஞ்சு போயிட்ட."

"ஒரு கேள்விங்க, கோச்சக்கா."

"கேளு."

"இம்மானுகூடவே இருக்கறதுங்களா, நிமலன்கூடப் போறதுங்களா?"

"அந்த முனையைப் பிடி."

வலையின் முனையைப் பிடித்தான். அவர் முடிச்சுப் போட்டார்.

"அஞ்சு மணிக்குள்ள பேரு அனுப்பணுமுங்க."

"இன்னும் மணி ஆறே முக்கால்."

செங்கோடன் போனை எடுத்தான். "இதை ஒருக்காப் பாருங்க. ரெண்டு வருசத்து ஆட்டத்துல இம்மானு விட்ட பாயிண்டை எல்லாம் வெட்டி வெச்சிருக்கறேன். அறுபத்தொண்ணு."

"நீ விட்டது?"

"அதை வெட்டலீங்க."

"ஏன்?"

"கேள்வி இம்மானைப் பத்தித்தானுங்களே."

கோச்சக்கா போனை வாங்கவில்லை. "உங்களுக்கு எத்தனை ஜோடிங்க?" என்று கேட்டான் அவன். எப்படியாவது பேச்சைக் கறந்துவிட வேண்டும் அவனுக்கு.

"பதினொண்ணு."

"ஒவ்வொரு தடவையும் எப்படி முடிவு பண்ணுனீங்க?"

"பதினோரு பேருல ரெண்டு பேரு கல்யாணத்துக்குக்கூட என்னையக் கூப்பிடல. ஷூ கொண்டாந்திருக்கியா?"

"இருக்குதுங்க. ஆனா நான் கேட்டதுக்கு…"

"நஞ்சப்பன் அண்ணாச்சிக்கு இன்னைக்கு ஜோடி வரல. நாலாவது ஆளு வேணும். ஷூவைப் போடு."

செங்கோடனுக்கு முகம் சுருங்கியது. உலக வரிசையில் நாற்பத்து மூன்றாவது ஜோடியில் ஒருவன் அவன். காலை வேளையில் உடம்பு இளைக்க ஆடுகிறவர்களோடு எதற்கு ஆட வேண்டும்? ஆனால் கோச்சக்காவிடம் எதற்கு என்று கேட்டவர்கள் பாதிப்பேர் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். ஷூவைப் போட்டான்.

நஞ்சப்பன் வந்தார். மஞ்சள் வியாபாரி. அறுபது வயது. வயிறு முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். "ஏனுங் தம்பி, உங்களை டிவியில பாத்திருக்கறேனுங்க. என்ற ஜோடி கதிர்வேலு ஒரு காதுகுத்துக்குக் கோபிப் பக்கம் போயிட்டாரு. இல்லீன்னா உங்களுக்கு இந்தச் சிரமம் வருமுங்களா?" என்றார்.

எதிர்ப்பக்கம் இரண்டு பெண்கள். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் அவருடைய நாத்தனார்.

கோச்சக்கா கோர்ட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "செங்கோடா. குதிக்கப்படாது. ஓங்கி அடிக்கப்படாது. உன்னோட ஷட்டிலை மட்டும் அடி. அண்ணாச்சியோடதைத் தொட்டா பாயிண்ட் அந்தப் பக்கம்."

"எது என்னுது, எது அவருதுன்னு யாருங்க சொல்றது?"

"நான்."

"அவரு என்னோடதைத் தொட்டா என்னங்க?"

"அண்ணாச்சிக்கு ஒரு விதியும் கிடையாது. சர்வீஸ் போடு."

ஆட்டம் தொடங்கியது. நாலாவது அடியில் ஷட்டில் நஞ்சப்பனுக்கும் செங்கோடனுக்கும் நடுவே வந்தது. செங்கோடன் சும்மா மட்டையை நீட்டி எதிர்ப்பக்கம் மூலையில் போட்டான்.

"அவரோடது. பாயிண்ட் அந்தப் பக்கம்."

"நடுவுலதானுங்க வந்துச்சு?"

"அவரோடதுன்னேன்."

சரி என்றான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. செங்கோடன் மட்டையை இழுத்துக்கொண்டு நஞ்சப்பனுக்கு விட்டான். நஞ்சப்பன், சின்னப் பையன் அடிப்பான் என்று நின்றார். ஷட்டில் இருவருக்கும் நடுவே பொத்தென்று விழுந்தது.

"உன்னோடது" என்றார் கோச்சக்கா.

"போன தடவை அவருதுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"இதுவும் அதே இடந்தானுங்களே?"

"அதே இடந்தான்."

"அப்புறம் எப்படீங்க?"

"சர்வீஸ் அவங்களுக்கு. நில்லு."

டாக்டரும் நாத்தனாரும் சிரிப்பை அடக்கினார்கள். செங்கோடனுக்குக் காது சூடாகியது. இப்போது அவன் நின்றது கோர்ட்டின் இடது பாதி. நஞ்சப்பன் வலது பாதி. நாத்தனார் உயர்த்தி அடித்த ஷட்டில் செங்கோடனுடைய இடக்கைப் பக்கம், ஓரக் கோட்டுக்கு வந்தது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அவனுடையதுதான். மட்டையைத் தூக்கினான்.

பின்னாலிருந்து திமுதிமுவென்று ஒரு சத்தம். நஞ்சப்பன் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து, அவன் மட்டை மேலேயே தன் மட்டையை வீசினார். இரண்டும் மோதி, ஷட்டில் எங்கேயோ போனது. செங்கோடனின் விரல் கணுவில் பட்டது. உயிர் போனது.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க தம்பி. கை தவறிருச்சு."

கை தவறவில்லை. அடுத்த பத்து நிமிஷத்தில் அதையே அவர் ஐந்து தடவை செய்தார். செங்கோடனின் வலப்பக்கம் வந்தால் அவர் பாட்டுக்கு நிற்கிறார். இடப்பக்கம் வந்தால் போதும், வெள்ளம் மாதிரி வந்துவிடுகிறார். அவர் வந்ததும் அவர் இடம் காலி. டாக்டர் அங்கே பூப்போலப் போட்டுவிட்டுப் பாயிண்ட் எடுத்துக்கொண்டார்.

"இது யாருதுங்க, கோச்சக்கா?" செங்கோடன் கத்தியே விட்டான்.

"எது?"

"இப்ப விழுந்தது."

"விழுந்துட்டுல்லா? இனி யாரோடதா இருந்தா என்ன?"

"முன்னாடியே சொல்லீருங்க. எதெது என்னுதுன்னு."

"விழுகதுக்கு முந்திக் கேளு. சொல்லுதேன்."

"விழறதுக்கு முன்னாடி எப்படீங்க கேக்கறது?"

"அப்ப கேக்காத."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதினைந்து வருஷமாக நடு ஷட்டில் இடது பாதியில் நிற்பவனுக்கு என்றே ஆடியவன் அவன். இங்கே அந்தக் கணக்கு செல்லவில்லை. எந்தக் கணக்கும் செல்லவில்லை. தன்னுடையதை விட்டான். அவருடையதைத் தொட்டான். ஒரு தடவை இரண்டு பேரும் "நீங்க, நீங்க" என்று மரியாதை செய்துகொண்டிருக்கும்போதே ஷட்டில் செங்கோடன் தலையில் விழுந்து உருண்டது.

இருபத்தொன்றுக்குப் பதினாலு. தோற்றான்.

டாக்டர் இரண்டு கையையும் தூக்கினார். "உலகத்துல நாப்பத்து மூணாவது ஆளை அடிச்சாச்சு. இன்னைக்கு வர்ற பேஷண்டுக்கெல்லாம் சொல்லப் போறேன்."

"வாயைத் தொறந்து வெச்சிருக்கும்போது சொல்லுங்க அண்ணி. அப்பத்தான் எதிர்த்துப் பேச மாட்டாங்க" என்றார் நாத்தனார்.

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். கோச்சக்கா அடுத்த வகுப்புக்கு ஆட்களைக் கூப்பிடப் போனார். இதிலிருந்து என்ன தெரிந்தது என்று அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெஞ்சில் நஞ்சப்பன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். செங்கோடன் விரலை ஊதிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தான். கோபம் தீரவில்லை.

"ஏனுங்ணா, என்ற இடப்பக்கம் வந்ததையெல்லாம் எதுக்குங்க ஓடியோடி வந்து அடிச்சீங்க? நான் அங்கதானே நிக்கறேன்?"

நஞ்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். கோச்சக்கா தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

"தம்பி, யாருகிட்டயும் சொல்லீராதீங்க. கதிர்வேலுக்கு இடது கண்ணு அவ்வளவாத் தெரியாதுங்க."

"கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமுங்களே?"

"அவரு சொன்னாத்தானே போறது? சொல்ல மாட்டாரு. வீம்புக்காரரு. ஒரு நா டீ டம்ளரை அவரு இடப்பக்கம் வெச்சேன். கை துழாவுச்சு. அப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். அதாச்சு, பன்னெண்டு வருசம். அன்னையிலிருந்து அவரு இடப்பக்கம் எது வந்தாலும் நான் போயிருவனுங்க. இன்னைக்கு நிக்கறது அவரில்லீன்னு மண்டைக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலீங்க."

"நீங்க பண்றது அவருக்குத் தெரியுமுங்களா?"

"அட, தெரிஞ்சா ஆடவே வர மாட்டாருங்க. 'நஞ்சப்பா, உனக்கு எப்பப் பாரு பேராசை, என்ற பந்தையும் சேத்து நீயே அடிக்கறே'ன்னு வைவாரு."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஆமாங்கண்ணான்னு சொல்லுவேன்." நஞ்சப்பன் எழுந்து மட்டையை உறையில் போட்டார். "விரலுக்கு ஐஸ் வெய்யுங்க தம்பி. வீங்கீரும்."

அவர் போனார். செங்கோடன் உட்கார்ந்தே இருந்தான். மனசில் எதுவோ தட்டியது. என்ன என்று பிடிபடவில்லை. போனை எடுத்தான். அந்த அறுபத்தொன்றையும் முதலிலிருந்து ஓட்டினான்.

நூறு தடவை பார்த்ததுதான். இம்மானுவேல் ஷட்டிலை வலையில் அடிக்கிறான். வெளியே அடிக்கிறான். எட்டாமல் நிற்கிறான். இதுவரை மட்டையை மட்டுமே பார்த்திருந்தான். இப்போது காலைப் பார்த்தான்.

எதிராளி அடிப்பதற்கு முன்னாலேயே இம்மானுவேல் வலப்பக்கமாக அரை எட்டு எடுத்து வைத்து நகர்கிறான்.

அடுத்ததைப் போட்டான். அதிலும் அரை எட்டு. வலப்பக்கம். ஷட்டில் இடது பக்கம் போகிறது. இம்மானுவேல் திரும்பி ஓடுகிறான். முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. பாயிண்ட் போகிறது.

அதற்கடுத்தது. அதே அரை எட்டு.

அங்கே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஒருவன் எதற்காக ஒன்றுமில்லாத பக்கம் நகர வேண்டும்? முழங்கால் வலியால் வந்த பழக்கமோ? சரி, வலி இல்லாத காலத்தைப் பார்ப்போம் என்று ஆறு வருஷத்துக்கு முந்திய ஆட்டம் ஒன்றைத் தேடி எடுத்தான். இருவரும் பட்டம் வாங்கிய ஆட்டம். கோப்பையை யார் முதலில் தூக்குவது என்று மேடையில் அடித்துக்கொண்டார்கள்.

அதிலும் இருந்தது. அரை எட்டு. வலப்பக்கம். ஒவ்வொரு தடவையும். ஆனால் அந்தக் காலத்தில் இம்மானுவேல் நகர்ந்துவிட்டு மின்னல் மாதிரி இடப்பக்கம் திரும்பி வந்துவிடுகிறான். அதனால் யார் கண்ணிலும் படவில்லை. முன்னால் நிற்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது இந்த ஆட்டத்தில் முதல் பாடம். திரும்பினால் ஷட்டில் மூஞ்சியில் அடிக்கும். ஒன்பது வருஷமாகச் செங்கோடன் திரும்பிப் பார்த்ததில்லை.

பழைய ஆட்டத்தில் தன்னைப் பார்த்தான். வலையருகே நிற்கிறான். மட்டை உயர்ந்திருக்கிறது. கால் சரியாக இருக்கிறது. வலப்பக்கம் தனக்கு என்ன குறை, இம்மானுவேல் வந்து மூட? திரும்பத் திரும்ப ஓட்டினான். மெதுவாக ஓட்டினான். தெரியவில்லை. எதுவுமே தெரியவில்லை.

மத்தியானம் ஆனது. கோச்சக்கா டிபன் பாக்ஸைத் திறந்து அவன் பக்கம் தள்ளினார். புளிச்சோறு. சாப்பிடவில்லை.

"கோச்சக்கா, இம்மானு வலப்பக்கம் நகர்றானுங்க."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"அவன் உன்கூட ஆட வந்த ரெண்டாவது மாசத்துல இருந்து."

"ஏன் சொல்லலீங்க?"

"நீ கேக்கல."

"எதுக்கு நகர்றான்? அந்தப் பக்கம் எனக்கு என்னங்க ஆகுது?"

கோச்சக்கா ஒரு வாய் சோறு உண்டார். இன்னொரு வாய் உண்டார். "ஒம்போது வருசமா ஒருத்தன் மூடி வச்சிருக்கான். நான் வந்து தொறக்கவா?"

"எனக்குத் தெரியணுமுங்க."

"எதுக்கு?"

"திருத்திக்கத்தான்."

"பன்னெண்டு வயசுல இருந்து நானும் திருத்திப் பாத்தேம்லே. சோறு ஆறுது."

செங்கோடன் எழுந்து வெளியே போனான். வெயில் கொளுத்தியது. தெருவில் ஒரு வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் மண்டைக்குள் எல்லாம் தலைகீழாகக் கிடந்தது. காலையில் கேள்வி ஒன்றுதான் இருந்தது. இருப்பதா, போவதா. இப்போது எத்தனை கேள்வி என்று அவனுக்கே தெரியவில்லை. இத்தனை நாள் ஆடியது நானா? ஜெயித்தது யார்? அறுபத்தொரு தப்பில் எத்தனை அவனுடையது, எத்தனை என்னுடையது? நிமலனோடு போனால் அவன் வலப்பக்கம் நகர மாட்டான். அப்போது என்ன விழும்?

திரும்ப உள்ளே வந்தான்.

"அப்ப நான் இம்மானுகூடவே இருக்கணுமுங்களா?"

"நான் எப்பம்லே அப்படிச் சொன்னேன்?"

"பின்னே நிமலன்கூடப் போகணுமுங்களா?"

"அதையும் சொல்லல."

"நிமலனுக்கும் இது தெரிஞ்சிரும்ல?"

"பத்து நாள்ல தெரிஞ்சிரும். சின்னப் பய. தெரிஞ்ச அன்னைக்கே ஊரு கேக்கக் கத்துவான்."

"அது நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"காது எப்படியிருக்கு உனக்கு?"

இதற்கு மேல் அவரிடம் ஒன்றும் பெயராது என்று தெரிந்தது. சாயங்கால வகுப்புக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செங்கோடன் மூலையில் போய் உட்கார்ந்தான். நாலு மணி ஆனது. நாலேகால் ஆனது. ஒரு தடவை நிமலனின் பெயரை எழுதினான். அழித்தான். இம்மானுவேலின் பெயரை எழுதினான். முழங்கால் ஞாபகம் வந்தது. அடுத்த வருஷமும் முதல் சுற்று, பெட்டி, பஸ். அழித்தான்.

நாலே முக்காலுக்கு எழுந்து நின்றான். நிமலனுக்குப் போன் போட்டான்.

"தம்பி, நான் வரலப்பா. மன்னிச்சுக்க."

"அட, பரவால்லண்ணா. எனக்கு லைன்ல இன்னொருத்தர் இருக்காரு. நீங்க அஞ்சுக்குள்ள சொன்னதே பெரிய விஷயம்ணா" என்று பையன் சந்தோஷமாக வைத்துவிட்டான். செங்கோடனுக்கு அதில் ஒரு சின்ன வலி. இன்னொருத்தர் இருக்காராமே.

இம்மானுவேலின் பெயரை எழுதினான். இந்தத் தடவை அழிக்கவில்லை. அனுப்பினான். போய்ச் சேர்ந்தது என்று காட்டியது. மணி நாலு ஐம்பத்திரண்டு.

ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. கண் கலங்கியது. அதைத் துடைத்துக்கொண்டு கோச்சக்காவிடம் போனான். அவர் இறகு உடைந்த ஷட்டில்களைப் பொறுக்கித் தனியே போட்டுக்கொண்டிருந்தார்.

"இம்மானு பேரை அனுப்பிட்டேனுங்க, கோச்சக்கா."

"ம்."

"காலு போனாப் போகட்டுமுங்க. தோத்தாத் தோத்துட்டுப் போறோம். என்ற பின்னாடி ஒம்பது வருசம் நின்னவன். அவனை விட்டுட்டு எப்படீங்க போறது?"

"ம்."

"நான் பண்ணுனது சரிதானுங்களே?"

கோச்சக்கா ஒரு ஷட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நல்லதா உடைந்ததா என்று முடிவு செய்ய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அவன்கிட்டப் பேசினியா?"

"இம்மானுகிட்டயா? இல்லீங்க. இந்த மாசம் பூராப் பேசலீங்க. என்ன பேசறதுன்னு தெரியல. பேசாட்டி என்னங்க? அவன் எங்க போகப் போறான்?"

கோச்சக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவனும் ஒரு பேரு அனுப்பணும்லா? அவனுக்கும் அஞ்சு மணிதானேலே."